எட்டுப் பேர் தொட்டியில் நான்கு பேர்

ஸ்வான்விக் ஏரிக்கரை நெடுக, வீடுகளுக்கு வெளியே, ஆட்கள் இறங்கி உட்காரும் வெந்நீர்த் தொட்டிகள் நாற்பத்தொன்று இருந்தன. அவற்றுள் ஒவ்வொன்றின் குணத்தையும் சிக்னி பியர்னசன் அறிந்திருந்தாள். தொட்டியின் குணம் என்று சொல்வதுகூடச் சரியன்று. இறங்குகிற மனிதர்களின் குணமே தண்ணீரில் தெரியும் என்பது அவள் கருத்து. ஓலாஃப்சன் வீட்டுத் தண்ணீர் திங்கட்கிழமை காலையில் நுரைத்துக் கிடந்தால், வின்னிபெக்கிலிருந்து மகள் வந்துவிட்டுப் போயிருக்கிறாள், தலையில் எதையோ பூசிக்கொள்கிறாள் என்று பொருள். வடமுனை வீட்டுக்காரர் தம் நாய் தொட்டியில் இறங்கியதே இல்லை என்று எத்தனை முறை சத்தியம் செய்தாலும், சிக்னி வடிகட்டியைக் கழற்றி, அதில் சுருண்டிருக்கும் முடியை அவருடைய முகத்துக்கு நேரே காட்டுவாள்.

அவளுடைய தந்தை உறைந்த ஏரியின் பனிக்கட்டிக்கு அடியில் வலை விரித்து மீன் பிடித்தவர். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்ட சிக்னி, மீன்களைத் தோலுரித்துப் பெட்டியில் அடுக்கும் கொட்டகையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தாள். கொட்டகை மூடப்பட்டபின், விடுமுறைக்கு வருவோரின் ஏரிவீடுகளுக்கு விறகு கொண்டுபோய்ப் போட்டாள். அப்படி ஒரு நாள் டாக்டர் ஃபென்விக் வீட்டில் விறகை இறக்கிக்கொண்டிருந்தபோது, அவர் வெளியே வந்து, தொட்டி இரவெல்லாம் முனகுகிறது, கொஞ்சம் பார்க்க முடியுமா என்று கேட்டார். பார்த்தாள், பம்பில் ஒரு வளையம் தேய்ந்திருந்தது. அதை மாற்றினாள். அன்றிலிருந்து பதினோரு ஆண்டுகளாக அதுவே அவளுடைய தொழில்.

மூடியைத் தூக்குவாள், குனிந்து முகர்வாள், முழங்கையைத் தண்ணீரில் நனைப்பாள். அதற்குப் பிறகுதான், வாடிக்கையாளரின் மனத்திருப்திக்காக, நிறம் மாறும் காகிதத் துண்டை முக்கி எடுப்பாள். அவளுடைய மூக்கு சொன்னதற்கு மாறாகக் காகிதம் சொன்னது மிக அரிது. டாக்டரும் அவர் மனைவியும் குளிர்காலம் முழுவதும் நாள் தவறாமல் தொட்டியில் உட்காருகிறவர்கள். அவர்களுடைய தண்ணீரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவள் மாற்றினாள். ஏன் இரண்டு மாதம் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவளிடம் பதில் இருந்திராது. அதற்கு மேல் விட்டால் தண்ணீர் ‘களைத்துப்போகும்’ என்பாள்.

தண்ணீருக்கு முன்பே அவளுடைய முழங்கால்கள் களைத்துப்போயின. வீட்டுத் தொட்டிக்கு இயந்திரமெல்லாம் வயிற்றுக்குள் இருக்கும். பம்பு, சூடாக்கி, குழாய் அனைத்தையும் பக்கப்பலகைக்குப் பின்னால் ஒரு பெட்டிபோல் அடைத்து வைத்திருப்பார்கள். அதைத் தொட வேண்டுமென்றால், மைனஸ் முப்பது குளிரில் பனியில் மண்டியிட்டு, தோள்வரை கையை உள்ளே விட வேண்டும். ஐம்பத்தேழாம் வயதில், எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே படத்தை விளக்கின்முன் பிடித்துக் காட்டி, இன்னொரு குளிர்காலம் பனியில் மண்டியிட்டால் அதற்கடுத்த குளிர்காலம் கைத்தடியோடுதான் என்று சொல்லிவிட்டார்.

வேறு தொழில் அவளுக்குத் தெரியாது. தண்ணீரை விட்டுப் போகவும் அவளுக்கு மனமில்லை.

இந்த நிலையில்தான் ஒரெஸ்ட் டெர்காச் வந்தான். ஸ்வான்விக்கில் பதினெட்டு அறைகள் கொண்ட சாலையோர விடுதி அவனுடையது. சிக்னியோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன்; அவளுடைய பென்சில்களைக் கடித்துத் தின்றவன் என்று அவள் இன்றும் சொல்லிக்காட்டுவாள். குளிர்காலத்தில் ஆள் வரவேண்டும் என்பதற்காக, வரவேற்பறைக்குப் பின்னால் ஓர் அறை கட்டி அதில் வெந்நீர்த் தொட்டி வைக்க அவன் முடிவு செய்திருந்தான். பார்த்துக்கொள்ள முழுநேர ஆள் வேண்டும். சுவருக்குள்ளே, ஓடு பதித்த வெதுவெதுப்பான தரையில், நின்றுகொண்டே செய்யும் வேலை.

“உன்னைவிட்டா வேற யாரு சிக்னி?” என்றான் ஒரெஸ்ட். “சரி, எந்தத் தொட்டி வாங்கலாம்? நீ சொல்லு, கண்ணை மூடிக்கிட்டு வாங்கிடறேன்.”

சிக்னி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. “டாக்டர் வீட்டுல இருக்கே, அதே கம்பெனி. அதுல பெரிசு ஒண்ணு இருக்கு, எட்டுப் பேர் உக்காரலாம். பதினோரு வருஷத்துல ஒரே ஒரு வளையம்தான் மாத்தியிருக்கேன். அதைவிட நல்ல தொட்டி இந்த மாகாணத்துலேயே கிடையாது.”

சொன்னது உண்மை. அந்த உண்மைதான் பிழையாகப் போயிற்று.

தொட்டி நவம்பரில் வந்தது. முதலில் அதை இறக்கி வைத்து, பிறகு அதைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். பிப்ரவரியின் முதல் புதன்கிழமை, உரிமம் கொடுப்பதற்கு முன் பார்வையிட, மாகாணச் சுகாதார ஆய்வாளர் வின்னிபெக்கிலிருந்து இரண்டு மணி நேரம் காரோட்டிக்கொண்டு வந்தாள். மரிலூ டிசோன் என்பது அவள் பெயர். பெற்றோர் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர்கள். அவள் வின்னிபெக்கிலேயே பிறந்து வளர்ந்தவள். முப்பத்தைந்து வயதிருக்கும். பேச்சில் கடுமையில்லை, கையில் இருந்த படிவத்தில் கட்டங்கள் மிகுதியாக இருந்தன.

சிக்னி அன்று காலை நான்கு மணிக்கே எழுந்து தண்ணீரைச் சரிசெய்திருந்தாள். தொட்டியின் அடியில் ஒரு காசைப் போட்டால் அதில் பொறித்த ஆண்டைப் படிக்கலாம், அவ்வளவு தெளிவு. ஆனால் மரிலூ தண்ணீரை முதலில் பார்க்கவே இல்லை.

“மெஷின் ரூம் எங்க இருக்கு?” என்று கேட்டாள்.

சிக்னி தொட்டியின் பக்கப்பலகையைத் தட்டினாள். “இதோ, இதுக்குள்ளதான்.”

மரிலூ படிவத்தில் ஏதோ எழுதினாள். “சமன்தொட்டி?”

“அப்படீன்னா?”

“ஆளுங்க இறங்கினா தண்ணி மேல வருமில்ல? அந்தத் தண்ணி போய் நிக்கிறதுக்கு ஒரு தனித் தொட்டி. அவங்க ஏறினதும் அது திரும்ப உள்ள வரணும்.”

“மேல வந்தா கொஞ்சம் வழியும். நான் அப்புறமா ரப்பர் குழாயை வெச்சு ரொப்பிடுவேன்.”

மரிலூ அதையும் எழுதினாள். தண்ணீரை இழுக்கும் வாய் ஒன்றா இரண்டா என்று பார்த்தாள். ஒன்றை ஒருவருடைய முதுகு அடைத்துக்கொண்டாலும் மற்றொன்று திறந்திருக்க வேண்டுமாம். பம்பை ஒரே அடியில் நிறுத்தும் சிவப்புப் பொத்தானைச் சுவரில் தேடினாள். சாய்ந்து படுக்கும் இருக்கை பொதுத் தொட்டியில் கூடாது என்று குறித்துக்கொண்டாள். கடைசியாக, தொட்டியின் விளிம்பில் ஒட்டியிருந்த ‘எட்டுப் பேர்’ என்னும் வெள்ளி எழுத்துகளின்மேல் பேனாவை வைத்தாள்.

“இந்த எட்டை யாரு எண்ணினது?”

“கம்பெனிக்காரன்தான்.”

“அவன் உக்கார்ற இடத்தை எண்ணியிருக்கான். நாங்க தண்ணியோட மேல்பரப்பை அளப்போம். ஓர் ஆளுக்கு இவ்வளவு தண்ணின்னு கணக்கு இருக்கு.” அளவு நாடாவை இரண்டு பக்கமும் பிடித்துப் பார்த்தாள். “நாலு பேர்.”

வாசலில் நின்றிருந்த ஒரெஸ்ட்டுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. “நாலா? மீதி நாலு பேரை என்னம்மா பண்றது? தோள்மேல தூக்கி வெச்சுக்கலாமா?”

“தூக்கி வெச்சாலும் அவங்க வேர்வை தண்ணிக்குத்தான் வரும்,” என்றாள் மரிலூ. அதன்பின் தன் சோதனைப் பெட்டியைத் திறந்து, ஒரு குப்பியில் தண்ணீரை மொண்டு, அதில் கிருமிக்கொல்லி போதுமா என்று காட்டும் சொட்டு மருந்து விட்டாள். குப்பி ரோஜா நிறமாகச் சிவந்தது. அவள் சிக்னியை நிமிர்ந்து பார்த்தாள். “தண்ணி பிரமாதமா இருக்கு. நான் சும்மா சொல்லல. இது அருமையான தொட்டி. ஆனா இது வீட்டுத் தொட்டி.”

விடுதியில் வைப்பதற்கென்று செய்த தொட்டி வேண்டும். தேர்வெழுதிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் அதை இயக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாமல் உரிமம் கிடையாது. கையொப்பமிட்ட நகலை மேசைமேல் வைத்துவிட்டு அவள் புறப்பட்டாள்.

ஒரெஸ்ட் சிக்னியைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். அவன் சுவர்களைச் சுற்றிப் பார்த்தான். “ஏப்ரல் கடைசி வரைக்கும் பாக்கறேன் சிக்னி. ஒண்ணும் நடக்கலைன்னா இதைத் துணி துவைக்கிற ரூமாக்கிடுவேன். நாலு வாஷிங் மெஷினுக்கு யாரும் பரீட்சை வெக்கமாட்டாங்க.”

துணி துவைக்கும் அறையென்றால் தண்ணீர் பார்க்கும் ஆள் தேவையில்லை. மறுபடியும் ஏரிக்கரை, மறுபடியும் பனி, மறுபடியும் மண்டியிடல். அன்று வீட்டுக்கு நடந்து போகையில் சிக்னிக்கு முழங்கால் வலியைவிட வேறொன்று மிகுதியாக வலித்தது. தன் தண்ணீரில் குறையே இல்லாதபோது தொட்டியைத் தள்ளிவிட்டார்கள் என்பதை அவளால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தண்ணீர் தண்ணீர்தானே? வீட்டில் இருந்தால் ஒன்று, விடுதியில் இருந்தால் வேறொன்றா?

அந்தக் கேள்விக்கான விடை பத்து நாள் கழித்து, சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, நனைந்த ஹாக்கி உடைகளோடு வந்தது.

நாற்பது வயதைக் கடந்தவர்கள் ஆடும் ஸ்வான்விக் பனித்தள ஹாக்கி அணியில் ஒரெஸ்ட்டும் ஒருவன். பக்கத்து ஊர் அணியை அன்று வென்றிருந்தார்கள். வெற்றிக் களிப்பில் ஒரெஸ்ட் மற்றப் பதின்மூன்று பேரையும் விடுதிக்கு அழைத்து வந்துவிட்டான்.

“உனக்குப் பைத்தியமா?” என்று சிக்னி வழிமறித்தாள். “உரிமம் கிடையாது!”

“விருந்தாளிக்குத்தானே உரிமம் வேணும்? இவனுங்க எல்லாம் என் சொந்தக்காரனுங்க மாதிரி. அந்தம்மாவே சொன்னாங்களே, இது வீட்டுத் தொட்டின்னு. நான் என் வீட்டு ஆளுங்களை இறக்கறேன்.”

“வீட்டுல யாருடா பதினாலு பேரை ஒண்ணா இறக்குவான்?”

“எங்க தாத்தா வீட்டுல பதினாறு பேர்!” என்று சொல்லிக்கொண்டே கோல்காப்பாளன் பால்டர் தண்ணீருக்குள் காலை விட்டான். அவன் மட்டுமே இரண்டு ஆள் கனம். “ஆஹா... சிக்னி, நீ தெய்வம்டி! டேய், நகருங்கடா, என் கால் எங்கேன்னு எனக்கே தெரியல.”

“உன் கால் என் மடியிலதான்டா இருக்கு. எடு அதை, நாத்தம் தாங்கல.”

ஐந்தாவது ஆள் இறங்கியபோதே தண்ணீர் விளிம்பைத் தொட்டது. ஒன்பதாவது ஆளுக்கு அது நாற்புறமும் வழிந்து தரையில் ஓடிற்று. பதினான்காவது ஆளாக ஒரெஸ்ட் இறங்கியபோது, வரவேற்பறைக் கம்பளம்வரை வெந்நீர் போய்விட்டது. அவர்கள் இறங்குவதற்கு முன்பு ஒரு குப்பித் தண்ணீரில் சிக்னி சொட்டு மருந்து விட்டுப் பார்த்திருந்தாள். மரிலூவிடம் கண்டதுபோன்ற பெட்டி ஒன்றைக் கடையில் சொல்லி வாங்கி வைத்திருந்தாள். நல்ல ரோஜா நிறம். இருபது நிமிடம் கழித்து, பால்டரின் தோளுக்கும் இன்னொருவனின் காதுக்கும் நடுவே கையை விட்டு மறுபடியும் ஒரு குப்பி மொண்டாள். சொட்டு மருந்து விட்டாள். காத்திருந்தாள். குப்பி நிறம் மாறவே இல்லை. கிருமியைக் கொல்வதற்கு அவள் போட்டிருந்த மருந்து முழுவதையும், பதினான்கு பேருடைய வேர்வை இருபது நிமிடத்தில் தின்றுவிட்டிருந்தது.

அதைவிட அவளைத் திடுக்கிட வைத்தது வேறொன்று. அவள் குனிந்து முகர்ந்தாள். மூக்கு நல்ல தண்ணீர் என்றது. முழங்கையும் அப்படியே சொன்னது.

“வெளிய வாங்க எல்லாரும்,” என்றாள்.

“இன்னும் அஞ்சு நிமிஷம்டி.”

“பால்டர், இந்தத் தண்ணியில இப்போ காவல் இல்ல. உன் தோல்ல ஒரு சொறி வந்தா அது பதினாலு பேருக்கும் வரும். ஏறு.”

அவளுடைய குரலில் இருந்த ஏதோ ஒன்று அவர்களைச் சிரிக்காமல் எழச் செய்தது. பதினான்கு பேர் ஏறியதும் தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. மேல்தண்ணீரை இழுக்கும் வாய் வெற்றுக் காற்றைக் குடித்தது. பம்பு ஓலமிட்டது, சூடாக்கி தானே அணைந்தது. ஒரெஸ்ட் துண்டைக் கட்டிக்கொண்டு, சொட்டச் சொட்ட நின்று, அந்த ஓலத்தைக் கேட்டான். வழிந்துபோன தண்ணீரை வாங்கி வைத்துத் திருப்பித் தருவதற்குத்தான் அந்தச் சமன்தொட்டி என்று மரிலூ சொன்னது அப்போதுதான் இருவருக்கும் விளங்கியது.

தரையைத் துடைத்து முடித்தபின், ஒரெஸ்ட்டின் மனைவி டேரியா வெங்காயம் வதக்கிப் போட்ட பெரோகிக் கொழுக்கட்டைகளை ஒரு பெரிய தட்டில் கொண்டுவந்து சமையலறை மேசைமேல் வைத்தாள். சிக்னி தட்டைத் தொடவில்லை.

“என் பேச்சைக் கேட்டுத்தான் அதை வாங்கினே,” என்றாள் ஒரெஸ்ட்டிடம். “தப்பு என்னோடது. எனக்கு வீட்டுத் தொட்டிதான் தெரியும். அது மட்டுந்தான் தெரியும்னு எனக்கே தெரியல.”

ஒரெஸ்ட் ஒரு பெரோகியை விழுங்கினான். “சரி. இப்போ எதை வாங்கணும்?”

“தெரியாது.”

“தெரிஞ்சுக்கிட்டு வா. அந்தப் பரீட்சையை எழுது. பாஸ் பண்ணிட்டு வந்து, இது வேணும், இது வேணாம்னு சொல்லு, செய்யறேன். பாஸாகலைன்னா வாஷிங் மெஷின்தான். என்ன?”

“இப்ப இருக்கிறதை என்ன பண்ணுவே?”

டேரியா அடுப்படியிலிருந்து திரும்பினாள். “இருபத்தாறு வருஷமா ஒரு தொட்டி வாங்கிக் குடுன்னு நானும் கேட்டுட்டுதான் இருக்கேன். ஊருக்கெல்லாம் வாங்குவாரு, எனக்கு மட்டும் கிடையாது. அதைத் தூக்கிட்டு வந்து நம்ம வீட்டுப் பின்னால வெய்யுங்க. நாம ரெண்டு பேர்தானே? நாலு பேர் தொட்டி போதும்.”

வகுப்பு மார்ச் மாதத்தில், வின்னிபெக்கின் நீச்சல்குளம் ஒன்றின் மாடியில், இரண்டு நாள் நடந்தது. இரண்டாம் நாள் மாலை தேர்வு. நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு சிக்னி ஒரு பள்ளி மேசையில் உட்கார்ந்தாள். முதல் நாள் முழுவதும் எண்கள் அவளைக் கடந்து ஓடின. விடுதித் தொட்டியின் தண்ணீர் முழுவதும் அரை மணிக்கு ஒருமுறை வடிகட்டி வழியாகச் சுற்றி வர வேண்டும். மருந்தை மனிதக் கையன்றிக் கருவியே இடைவிடாமல் செலுத்த வேண்டும். குளிப்பவர் உடம்பில் பீய்ச்சியடிக்கும் நீர்த்தாரையை ஓடவிடும் பொத்தான், தொட்டியிலிருந்து எட்டாத தூரத்தில் சுவரில் இருக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் தாரை தானே நின்றுவிடும். மீண்டும் வேண்டுமென்றால் குளிப்பவர் எழுந்து, நடந்து சென்று அழுத்த வேண்டும். வீட்டுத் தொட்டியில் அந்தப் பொத்தான் கைக்கடியிலேயே இருக்கும். மனிதரை எதற்காக இப்படி எழுப்பி அலைக்கழிக்க வேண்டும் என்று சிக்னிக்குச் சினம் வந்தது. எழுந்து நடக்க முடியாத அளவுக்குத் தலைசுற்றல் வந்தவர் மேலும் உட்காரக்கூடாது என்பதற்காகத்தான் அது என்று ஆசிரியை விளக்கியபோது, சினம் அடங்கிற்று, அச்சம் எஞ்சியது. இத்தனையையும் தன்னால் தலையில் ஏற்றிக்கொள்ள முடியுமா?

இரண்டாம் நாள் காலை ஆசிரியை கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதினார். தொட்டி எத்தனை கேலன் பிடிக்குமோ, அதை மூன்றால் வகுக்க வேண்டும்; வந்த விடையை, ஒரு நாளில் குளிப்பவர்களின் எண்ணிக்கையால் மறுபடியும் வகுக்க வேண்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீரை முழுதும் மாற்ற வேண்டும் என்பதற்கு அதுதான் விடை.

வகுப்பில் இருந்தவர்கள் குறித்துக்கொண்டார்கள். சிக்னிக்கு வெறும் எண்ணாக இருக்கும் கணக்குப் பிடிக்காது. தனக்குத் தெரிந்த தொட்டி ஒன்றைப் போட்டுப் பார்ப்போம் என்று, டாக்டர் ஃபென்விக் வீட்டுத் தொட்டியை எழுதினாள். முந்நூற்று அறுபது கேலன். மூன்றால் வகுத்தாள்: நூற்றிருபது. குளிப்பவர்கள் டாக்டரும் அவர் மனைவியும், இரண்டால் வகுத்தாள்.

அறுபது நாள்.

அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பக்கத்து நாற்காலியில் இருந்த ஓட்டல் ஊழியர் திரும்பிப் பார்த்தார்.

“என்னாச்சும்மா?”

“ஒண்ணுமில்ல. பதினோரு வருஷமா இந்தக் கணக்கைத்தான் போட்டுட்டிருந்திருக்கேன். யாரும் எனக்குச் சொல்லல.”

பிறகு அவள் இரண்டு என்ற எண்ணை அடித்துவிட்டுப் பதினான்கு என்று எழுதிப் பார்த்தாள். எட்டரை நாள். பதினான்கை அடித்தாள், அந்த இடத்தை வெறுமையாக விட்டாள். வெகுநேரம் அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுத் தொட்டியில் அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள் என்பது அவளுக்கு எப்போதும் தெரியும். பெயர் தெரியும், தலைக்குப் பூசுவது தெரியும், நாயைக்கூடத் தெரியும். விடுதியில் அந்த இடம் காலி. நாளைக்கு யார் வருவார், எத்தனை பேர் வருவார், எங்கிருந்து எதைச் சுமந்துகொண்டு வருவார் என்பது எவருக்கும் தெரியாது. தெரியாத அந்த மனிதரையும் காக்க வேண்டும் என்பதற்காகத்தான் இரட்டை வாயும், சமன்தொட்டியும், சிவப்புப் பொத்தானும், உறங்காத மருந்துக் கருவியும். அப்படிப் பார்த்தபோது, தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்த விதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து தம் இடத்தில் உட்கார்ந்துகொண்டன.

தேர்வில் ஐம்பது கேள்விகள். நாற்பத்தாறு சரியாக இருந்தன. சான்றிதழ் தபாலில் வந்தபோது, அதில் பெயரின் எழுத்துகள் பிழையில்லாமல் இருக்கின்றனவா என்று இருமுறை பார்த்துக்கொண்டாள்.

தொட்டியை வெளியே எடுப்பது எளிதாக இல்லை. அதைச் சுற்றியே சுவர் எழுப்பியிருந்ததால், கதவு வழியே அது வரவில்லை. கடைசியில் பின்பக்கச் சுவரை அறுத்துத் திறந்தார்கள். கம்பளத்தை நனைத்த பாவத்துக்காக ஹாக்கி அணியினர் அனைவரும் வந்தார்கள். ஒட்டுப்பலகைமேல் தொட்டியைச் சாய்த்துக் கட்டி, டிராக்டரின் பின்னால் கோத்து, ஏப்ரல் மாதத்து இறுகிய பனிமேல் இழுத்தார்கள். கூட்டுறவுக் கடையையும் உக்ரேனியர் தேவாலயத்தையும் தாண்டி, பிரதான வீதி வழியே அது டேரியாவின் வீட்டுக்குப் போயிற்று. பால்டர் அதன் காலி வயிற்றுக்குள் உட்கார்ந்துகொண்டு, வழியில் நின்றவர்களுக்கெல்லாம் கையசைத்தான்.

“இறங்குடா தடியா! டிராக்டர் திணறுது!”

“எட்டுப் பேர் தொட்டிடா இது. நான் ஒருத்தன்தான் இருக்கேன்.”

“நீ ஒருத்தனே எட்டுதான்டா!”

புதிய தொட்டியைச் சிக்னியே தேர்ந்தெடுத்தாள். அதன் விளிம்பில் எத்தனை பேர் என்று எதுவும் எழுதியிருக்கவில்லை. சாயும் இருக்கையும் இல்லை. நீர் விளிம்புவரை நின்று, நாற்புறமும் ஒரு மெல்லிய வாய்க்காலில் வழிந்துகொண்டே இருந்தது. அடுத்திருந்த சரக்கறையைக் காலிசெய்து அதில் இயந்திரங்களை வைத்தார்கள். ஆள் உயர மணல் வடிகட்டி, இரண்டு பம்புகள், சமன்தொட்டி எல்லாம் சுவரோரம் வரிசையாக நின்றன. எந்தக் குழாயைத் தொடுவதற்கும் குனிய வேண்டியதில்லை. முதல் நாள் அந்த அறைக்குள் நுழைந்த சிக்னி ஒரு திருகைப் பிடித்துத் திருப்பினாள், மற்றொன்றையும் திருப்பினாள். பிறகு இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்றவாறே, கண்ணில் நீர் வரும்வரை அங்கேயே இருந்தாள். ஏரிக்கரைத் தொட்டிகளை மீன்கொட்டகையில் தன்னோடு வேலை பார்த்த இரண்டு பெண்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டாள். டாக்டர் வீட்டைப் பற்றி மட்டும் அரைப்பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தாள்.

மே மாத நீண்ட விடுமுறைக்கு நான்கு நாள் முன்பு மரிலூ மறுபடியும் வந்தாள். வெளியே மழைபெய்து பாதையெங்கும் சேறு. அவள் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே வந்து, முதலில் இயந்திர அறையைப் பார்த்தாள். சிவப்புப் பொத்தானைச் சிக்னியை அழுத்தச் சொன்னாள். பம்புகள் மூச்சுவிடாமல் நின்றன. குப்பியில் தண்ணீர் மொண்டு சொட்டு மருந்து விட்டாள், சிவந்தது. பதிவேட்டைத் திறந்து, அளவுகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். திறப்பதற்கு முன்பே இரண்டு வாரமாக, யாரும் குளிக்காத தண்ணீரையும் சிக்னி வேளை தவறாமல் சோதித்து எழுதியிருந்தாள். ஒரெஸ்ட் கதவோரம் நின்று விரல் நகத்தைக் கடித்தான்.

மரிலூ பதிவேட்டை மூடினாள். “ஒரு கேள்வி. நீங்க நல்லா பாத்துக்கறீங்க, சரி. சாயங்காலம் பதினாலு பேர் ஒண்ணா வராங்க. தெரிஞ்சவங்க. வாசல்ல நின்னு கெஞ்சறாங்க. என்ன செய்வீங்க?”

ஒரெஸ்ட் சுவரைப் பார்த்தான். யார் போய்ச் சொல்லியிருப்பார்கள் என்பதைப் பற்றிச் சிந்திக்க அப்போது நேரமில்லை.

“நீங்க அளந்து சொல்ற எண்ணிக்கையைச் சுவர்ல அந்தப் பலகையில எழுதிடுவேன். அத்தனை பேர்தான் இறங்குவாங்க,” என்றாள் சிக்னி. “மீதிப் பேர் பெஞ்சுல உக்காந்து காப்பி குடிப்பாங்க. கால் மணியில தாரை நிக்கும், அப்போ மாறிக்குவாங்க. எல்லாரும் போனப்புறம் எண்ணிக்கையை எழுதிட்டு, தண்ணியைச் சோதிச்சுப் பாப்பேன்.”

“தெரிஞ்சவங்கன்னா?”

“தெரிஞ்சவங்களுக்கும் தோல் ஒரே தோல்தானே?”

மரிலூ நாடாவை எடுத்து நீர்ப்பரப்பை அளந்தாள். “ஒன்பது பேர்,” என்று படிவத்தில் எழுதினாள். ஒரெஸ்ட்டைப் பார்த்து, “யாரையும் தோள்ல தூக்க வேண்டாம்,” என்றாள். பிறகு, இயக்குபவர் பெயர் என்ற கட்டத்தில் சிக்னியின் முழுப் பெயரை எழுதி, அடியில் கையொப்பமிட்டு, உரிமத்தைப் படிவத்திலிருந்து கிழித்தெடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

சிக்னி அதிலும் பெயரின் எழுத்துகளை இருமுறை சரிபார்த்தாள். ஒரெஸ்ட் அவளுடைய முதுகில் ஓங்கி அடித்தான். “வாஷிங் மெஷின்காரனுக்கு ஃபோன் பண்ணி வேணாம்னு சொல்லணும்,” என்றான்.

மரிலூ வரவேற்பறைக்குப் போய்ப் பூட்ஸை மாட்டிக்கொண்டாள். காருக்குப் போகத் திரும்பியவள், சிக்னி ‘ஒன்பது பேர்’ என்று எழுதி வைத்த பலகையை ஒரு படம் எடுக்க மறந்துவிட்டதை நினைத்து, அப்படியே உள்ளே வந்து ஈரத் தரையில் இரண்டடி வைத்தாள். சேறு இரண்டு தடங்களாகப் பதிந்தது.

“நில்லுங்க!” என்றாள் சிக்னி. “பூட்ஸைக் கழட்டுங்க.”

மரிலூ ஒரு காலைத் தூக்கியபடியே நின்றாள். “அப்படி விதி எதுவும் இல்லையே.”

“மாகாணத்துல இல்ல. இந்த ரூம்ல இருக்கு.”

ஆய்வாளர் ஒற்றைக் காலில் தள்ளாடிக்கொண்டு பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தாள். ஒரெஸ்ட் ஓடிப்போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்தான். சிக்னி தரைத்துடைப்பானை எடுத்துத் தடங்களைத் துடைத்துவிட்டு, பதினொரு மணிச் சோதனைக்கு நேரமாகிவிட்டதைக் கண்டு, குப்பியோடு தண்ணீரை நோக்கிப் போனாள்.